ஐஸ் பெட்டி இருந்த இடத்தில்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷமாக உன் நலத்தை உன் அம்மாவின் போனில் ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன் திடீரென்று ஆவல் பட்டால் நீ சிரிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து, ஒரே ஒரு கேள்வியை என்னிடம் கேட்கச் சொன்னாய். நம் கண்மாய்ப் படகில் ஐஸ் பெட்டி இருந்ததே, அந்த இடத்தில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று. அம்மா கேட்டாள். யாருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது காபித் தம்ளர் மேஜையில் இருந்தது. அதை வைத்தவள் அடுப்படியில் இருந்தாள். மூன்று நாள் அப்படியே போனது. நாலாம் நாள் அவள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குச் சொல்ல வேண்டாம். கேட்டவனுக்குச் சொல்லுங்க."

நீ ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே கடற்கரையில் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கிப் போட்டு, கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு சாமானாகச் சேர்க்கிறாயாம். ஓட்டை அடைக்க வந்த படகு ஆசாரி உன்னிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், ஒழுங்காகக் கட்டிய பைபர் படகு தண்ணீர் நிறைந்தாலும் முங்காது, விளிம்பு மட்டத்துக்குக் கிடக்கும், பிடித்துத் தொங்கினால் பொழுது விடியும்வரை உயிரோடு இருக்கலாம் என்று. அதைக் கேட்டதும் நீ நம் படகோடு போன செல்லையாவை நினைத்திருப்பாய். நம் படகு மட்டும் ஏன் கல்லைப் போல இறங்கியது என்று நினைத்திருப்பாய்.

பதில் இதுதான். அந்த இடத்தில் தெர்மாகோல் இருந்தது. எடுத்தவன் நான்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு வரி எழுத ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இடையிடையே புத்திமதி வந்தால் பொறுத்துக்கொள். கெட்ட பிறகு வந்த ஞானம்தான், ஆனாலும் நீ படகு கட்டிக்கொண்டிருக்கிற நேரம் இது. அப்பன் கெட்டவன் என்பதற்காக அவன் சொல்லும் போல்ட் அளவு தப்பாகிவிடாது.

மில்லில் ஆட்குறைப்பு வந்து என்னையும் செல்லையாவையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். நான் இருபத்தாறு வருஷம் பிட்டர். அவன் எனக்குக் கீழே இருபது வருஷம் ஹெல்பர். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டி, சோழபுரம் பக்கத்துக் கண்மாய் பல வருஷம் கழித்து நிரம்பிக் கலுங்கு பாய்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து மீன் குத்தகை எடுத்தோம். அங்கே காலம் காலமாக மீன் பிடிக்கிறவர்கள் எதில் போவார்கள் என்று உனக்குத் தெரியும். நாலு தெர்மாகோல் பலகையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே சாக்கை விரித்து, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டு போவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. டிவி பெட்டிக்குள்ளே வைத்து வருகிற சாமானில் ஏறிக்கொண்டு தொழில் செய்கிறார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசுவேன். நாங்கள் இன்ஜின் போட்ட படகு விடப்போகிறோம் என்றேன். ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் எவன் கண்டான் கண்மாயில் இன்ஜின் படகை என்றேன். வாய்தானே, வரியா கட்டுகிறது.

படகு வாங்கப் போன நாள் நீயும் கூட வந்தாய். கடற்கரை மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த நாலைந்தில் ஆக மலிவானதைப் பார்த்தேன். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலே தப்பில்லை தம்பி. பழையதை வாங்குகிறவன் முட்டாள் இல்லை. பழையதில் எதைப் புதிதாக்க வேண்டும் என்று தெரியாதவன்தான் முட்டாள். நீ டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அங்கிருந்த ஆசாரி நடுப்பலகைக்குக் கீழே இருந்த மூடிய பெட்டியைத் தட்டிக் காட்டினார். உள்ளே இருக்கிற தெர்மாகோல் தண்ணீர் குடித்து ஊறிப்போய்விட்டது, அதை மாற்றிப் புதிதாக அடைத்து மூட மூன்று நாள் வேலை, கூலி இவ்வளவு என்றார். உன்னிடம் இதுவரை சொல்லாத விஷயம் இது. படகு முங்காமல் இருக்க அதுதான் ஆதாரம் என்றும் அவர் சொன்னார். நான் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அட, இங்கேயும் தெர்மாகோலா என்று தோன்றியது. எதைக் கேலி செய்துவிட்டு வந்தேனோ அதையே காசு கொடுத்துப் படகுக்குள் ஒளித்து வைத்துக் கொண்டுபோவதா? நாளைக்கு ஒருவன் பலகையைத் தூக்கிப் பார்த்தால் என் முகம் என்ன ஆகும்? கடலுக்குத்தானே அதெல்லாம், கண்மாயில் அலையா அடிக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தார்.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகு, நீ காலையில் பட்டாளத்தில் சேர அய்யனார் கோவில் ரோட்டில் ஓடிப் பழகப் போயிருந்தபோது, நானும் செல்லையாவும் அந்தப் பெட்டியை அறுத்துத் திறந்தோம். ஊறிப்போன தெர்மாகோலைக் கை கையாக அள்ளி வெளியே போட்டவன் அவன்தான். வெள்ளை வெள்ளையாக அவன் கையெல்லாம், தலையெல்லாம் ஒட்டியிருந்தது. அவன் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, இத எதுக்கு வச்சிருப்பாங்க?" நான் கொறடைக் கீழே வைக்காமலேயே சொன்னேன்: "சும்மா, அடைசலுக்கு." இருபது வருஷம் நான் சொன்ன இடத்தில் நட்டு முடுக்கியவன், அன்றைக்கு மட்டும் மறுகேள்வி கேட்பானா? சரிண்ணே என்றான். குப்பையைத் தள்ளுவண்டியில் அவனே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான்.

காலியான இடத்தில் தகரம் அடித்து ஐஸ் பெட்டி ஆக்கினேன். வருகிறவன் போகிறவனெல்லாம் அதைத்தான் பாராட்டினான். மில் பிட்டர் மூளை என்றால் சும்மாவா என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளோட்டம் வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? கரையில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ், மடைக் கருப்பசாமிக்கு ஒரு கிடா, நையாண்டி மேளம், வந்தவர்களுக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஆசாரி கேட்ட கூலியும், கிடாவுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஆன செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். நீ இரண்டு லைப் ஜாக்கெட் வாங்கலாம் என்று சொன்னாய். கிணற்றில் குதித்து வளர்ந்த பயலுக்கு ஜாக்கெட் கேட்கிறது, உன்னையெல்லாம் பட்டாளத்தில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். செல்லையாவும் சிரித்தான். ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை என்பார்களே, நான் அழக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றவன்.

ஆகவே இதைக் கேள். கை இறுக்கமாக இருக்கும்போது முதல் காசு மிதப்புக்கு. தெர்மாகோலோ, இப்போது ஊற்றி உறைய வைக்கிறார்களே அந்த போமோ, ஆசாரி எதைச் சொல்கிறாரோ அது. அடுத்த காசு ஆளுக்கு ஒரு ஜாக்கெட். மூன்றாவது, இரண்டு துடுப்பும் நல்ல கயிறும் நங்கூரமும். தண்ணீர் இறைக்கப் புதுப் பாத்திரம் வாங்காதே, பெயிண்ட் டப்பாவை அறுத்துக்கொள். இன்ஜின் பழையதே போதும். ஆனால் உன் கையாலேயே முழுக்க ஒரு தடவை கழற்றி மாட்டு. எந்தச் சத்தம் எதற்கு வருகிறது என்று தெரிந்த பழைய இன்ஜின், தெரியாத புது இன்ஜினைவிட மேல். பெயிண்டும் பேரும் கடைசி. பேர் எழுதாத படகு முங்கிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் காலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ அதற்குள்ளே இருந்தவன். ஆனால் உனக்குத் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. கரையில் நின்றவன் பக்கம். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. வியாபாரிகள் ஐந்தாறு பேர் கூடையோடு நின்றார்கள். நான் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். நீ பின்னால் இன்ஜினைப் பிடித்திருந்தாய், செல்லையா முன்னால் இழுத்த வலையைக் காலடியில் குவித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஐஸ் பெட்டி நிறையக் கட்லாவும் ரோகுவும். கண்மாய் வறண்டு கிடந்த வருஷங்களில் உள்ளே காடாக வளர்ந்த சீமைக்கருவேலத்தை வெட்டியவர்கள் அடித்தூரைத் தோண்டாமல் விட்டிருந்தார்கள். தண்ணீருக்குக் கீழே ஒன்று உங்களுக்காகக் காத்திருந்தது. படகின் அடி கிழிந்தது. நீ இன்ஜினை நிறுத்துவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஒழுங்கான படகாக இருந்தால் அது விளிம்பு மட்டத்துக்கு நின்றிருக்கும். அவன் காலில் வலை சுற்றியிருந்தாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தியிருப்பான். நம் படகுக்கு அந்தப் பெட்டிதான் கல்லாக இருந்தது. முன்பக்கம் குத்தி இறங்கியது. வலையோடு அவனும் போனான். நீ மூன்று தடவை முங்கி எழுந்தாய். நாலாவது தடவை முங்கப் போனவனைத் தெர்மாகோலில் வந்த இரண்டு பேர்தான் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள். நான் கேலி பேசிய அதே தெர்மாகோல், அதே ஆட்கள். அன்றைக்கு அவர்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் போலீஸ் வந்தது. படகு யாருடையது, எப்படி முங்கியது என்று கேட்டார்கள். என் வாயில் இரண்டு பதில் இருந்தது. ஒன்று, பெட்டியைக் காலி செய்தது நான் என்பது. இன்னொன்று நான் சொன்னது: பயல் வேகமாக ஓட்டிவிட்டான். அது பொய். ஏன் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். வாலிபப் பிள்ளை, வேகம் என்றால் விபத்து என்று விட்டுவிடுவார்கள், படகுக்காரன் மேல் வந்தால் குடும்பமே தெருவுக்கு வரும் என்று. அதெல்லாம் பிற்பாடு தைத்த சட்டை. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்தது ஒரே நினைப்பு. இருபத்தாறு வருஷத்தில் நான் பூட்டிய ஒன்று கழன்று விழுந்ததாக எவனும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லக்கூடாது. என் பேர் கெடக்கூடாது. பெற்ற மகனைக் கொடுத்துப் பேரை வைத்துக்கொண்டேன்.

நீ அங்கேதான் ஈரத் துணியோடு நின்றாய். நான் சொன்னது உன் காதில் விழுந்தது. மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அப்பா பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார், ஒருவேளை வேகமாகத்தான் வந்துவிட்டோமோ என்று நீ உன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் செல்லையாவை எடுத்துப் போகும்போது அவன் மனைவி மாரியம்மாள் குனிந்து இரண்டு கை மண்ணை வாரி உன் மேல் தூற்றினாளே, நீ முகத்தைக்கூடத் துடைக்காமல் நின்றாய். அதில் கொஞ்சம் பக்கத்தில் நின்ற என் சட்டை மேலும் விழுந்தது. நான் தட்டிவிட்டேன்.

உன் மேல் வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மூன்று வருஷம் வாய்தா. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம், நீ முன்னால் உட்காருவாய், நான் பின்னால். நடுவிலே பட்டாளத்துக்கு ஆளெடுத்தார்கள். ஓட்டத்தில் நீ முதல் ஆளாக வந்தாய், உயரம், மார்பு எல்லாம் சரி. வழக்கு நடக்கிறது என்று தெரிந்ததும் உன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம் தெருவில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்திலோ போலீஸிலோ இருக்கிறான். லீவுக்கு வரும்போதெல்லாம் உன்னைக் கேட்பான், நீ அந்தப் பக்கமே போகமாட்டாய். சாட்சி போதவில்லை என்று கடைசியில் உன்னை விட்டார்கள். விட்டபோது உனக்கு வயது கடந்துவிட்டது. ஓடுகிற ஷூவைத் துவைத்துக் காயப்போட்டு, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தாய். அம்மா அன்றைக்கு அழுதாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ ஊரைவிட்டுப் போன நாளும் எனக்கு மறக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய். மூன்று வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. "அப்பா, நான் மெதுவாத்தான வந்தேன்?"

நான் சொன்னேன்: "எனக்கெப்டிலே தெரியும்? நான் தராசைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

நீ தலையை ஆட்டிவிட்டுப் போனாய். கோபப்பட்டிருந்தாலாவது இன்னொரு வார்த்தை வந்திருக்கும். நீயும் லேசுப்பட்டவன் இல்லை தம்பி. உன் மௌனத்தை என் பொய்க்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினாய். ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அன்றைக்கே கொட்டியிருப்பேன். பார், இப்போதும் பாதிப் பழியை உன் பக்கம் தள்ளப் பார்க்கிறேன். இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும்.

அம்மா நாலாம் நாள் அப்படிச் சொன்ன பிறகு, உனக்கு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி என்று தோன்றியது. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மாரியம்மாள் அங்கே ஒரு சந்துக்குள் பால்கோவா கிண்டுகிற பட்டறையில் வேலை செய்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் ஒரு மூட்டை அரிசியும் கரும்பும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அண்ணன் இருக்கிற வரைக்கும் எனக்கென்ன குறை என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் ஒரு மனிதனையே அரிசி மூட்டையில் மறைத்து வைத்திருந்தேன். நான் போன நேரம் அவள் அடுப்பு முன்னால் நின்று சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வாங்கண்ணே, பொங்கலுக்கு நாள் கிடக்கே என்று சிரித்தாள். பால் இறுகுகிற பருவம், கரண்டியை விட்டால் அடிப்பிடிக்கும். அதனால் அவளால் நகர முடியாது. எனக்கு அதுதான் வசதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆசாரி சொன்னது, செல்லையா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், போலீஸில் சொன்னது.

அவள் கரண்டி நிற்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டு கிண்டினாள். இறக்கி வைத்துத் துணியால் கையைத் துடைத்த பிறகுதான் பேசினாள். அண்ணே என்ற வார்த்தை அதற்குள் போய்விட்டிருந்தது.

"ஒம்ம மேல தூத்த வேண்டிய மண்ண அந்தப் பய மேல தூத்திட்டேனே."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போதாவது தூற்றட்டும் என்று இருந்தது. அவள் தூற்றவில்லை. நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொந்தமாகப் படகு கட்டுகிறான், அமாவாசை கழிந்து தண்ணீரில் இறக்கப் போகிறான் என்றேன். கரண்டியைக் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் போட்ல தண்ணிய ரொப்பச் சொல்லும். ரொம்பியும் முங்காம கெடக்குறத நான் கண்ணால பாக்கணும்." கொஞ்சம் கழித்து, "இனிமே அரிசி கொண்டாற வேண்டாம்" என்றாள்.

திரும்பும்போது சோழபுரத்தில் இறங்கி, கண்மாய்க்கரை டீக்கடைக்குப் போனேன். அன்றைக்குக் கரையில் நின்ற வியாபாரிகளில் இரண்டு பேர் இருந்தார்கள், உன்னை இழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் இருந்தார். அவர்களிடமும் சொன்னேன். வியாபாரிகள் விடுங்கண்ணே, ஆறு வருஷக் கதை என்று அரசியலுக்குத் தாவிவிட்டார்கள். என் பொய்யை இந்த ஊர் ஓடி வந்து வாங்கியது. உண்மையை ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறது. உன்னை இழுத்தவர் மட்டும் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்கு அவர் செய்ததுதான் சரி என்று பட்டது.

அதனால் தம்பி, உன் வெள்ளோட்டத்துக்கு நான் ஒரே ஒரு முறை சொல்கிறேன். மேளம் வேண்டாம், ஃப்ளெக்ஸ் வேண்டாம், யாருக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டாம். முதலில் இன்ஜினைக் கழற்றி மணலில் வை, அது நனையக்கூடாது. அதன் எடைக்குச் சரியாகக் கல்லை எடுத்துப் பின்பக்கம் கட்டு. நீ எத்தனை பேரோடு போவாயோ அத்தனை பேரையும் ஏற்று. இடுப்பளவு ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், விளிம்பு வரைக்கும் தண்ணீரை ஊற்று. ஒரு நாழிகை அப்படியே விடு. கரையில் இரண்டு பொம்பளைகள் நிற்பார்கள். ஒருத்தி உன் அம்மா. இன்னொருத்தி மாரியம்மாள். சேர்ந்துதான் பஸ் ஏறுகிறார்கள், நேற்று இரவே பேசி முடித்துவிட்டார்கள். மாரியம்மாள் தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்துப் பார்க்கிறேன் என்றும் சொல்லுவாள். தடுக்காதே, பிடித்துப் பார்க்கட்டும். அவள் உன்னிடம் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள். அழுதால் அழவிடு. அவள் ஆறு வருஷமாகத் தப்பான ஆளைச் சபித்துவிட்டு, அந்தச் சாபம் பலித்துவிடக்கூடாதே என்று நேற்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பின்னாலேயே வந்து, உன் உடம்புக்கு ஏதாவது வந்ததா, எங்கேயாவது அடிபட்டாயா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நான் வரவில்லை. கூப்பிடவும் வேண்டாம். மன்னிப்பு என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். பட்டாள வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியாதவன் அந்த வார்த்தையை மட்டும் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்ப்பது இன்னொரு ஃப்ளெக்ஸ் வைப்பது மாதிரிதான்.

ஒன்றே ஒன்று பாக்கி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ கேட்டாயே, அதற்கு நான் சொன்ன பதிலும் பொய். தராசைத் தொங்கவிட்டேனே தவிர, அதை நான் பார்க்கவே இல்லை. முதல் முதலாகப் படகு நிறைய மீனோடு என் மகன் வருகிறான் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ மெதுவாகத்தான் வந்தாய். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா